25 குழந்தைகளின் வரவு செலவு

போர்ட் பிளேர் நகரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு சிறு தொண்டு அமைப்பு 25 குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் நடத்துகிறது என்று கொள்ளலாம். வாடகைக்கு ஓர் அறை, இரண்டு பெண் ஊழியர்கள், ஓர் அடுப்பு, சில பாய்கள், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு கணக்குப் புத்தகம்: அதன் சொத்து அவ்வளவுதான். (2024 செப்டம்பரில் நகரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று தில்லி மாற்றிவிட்டது, அந்த மாற்றத்தால் எந்தக் குழந்தையின் தட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை.) இப்படிப்பட்ட அமைப்பின் கணக்குப் புத்தகத்தை ஆண்டுவாரியாகப் புரட்டிப் பார்த்தால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றி இந்திய அரசு உண்மையில் என்ன கருதுகிறது என்பது அமைச்சர்களின் உரைகளில் தெரிவதைக் காட்டிலும் தெளிவாகத் தெரியும்.

அங்கன்வாடி இருக்கக் காப்பகம் எதற்கு என்ற கேள்வி எழலாம். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், உழைக்கும் தாயின் வேலைநேரத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டதன்று. அங்கன்வாடி சில மணி நேரம் இயங்கும். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு அங்கிருந்து பெரும்பாலும் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் உணவுதான் கிடைக்கும். கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ மீன் விற்கவோ செல்லும் பெண்ணுக்கு வேண்டியது எட்டு மணி நேரப் பாதுகாப்பு. தீவுகளில் இத்தேவை இன்னும் கூர்மையானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழும் ஏறத்தாழ 3.8 லட்சம் மக்களுள் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களில் கணிசமானோர் பொதுப்பணித் துறையிலும் துறைமுகத்திலும் கட்டுமானத்திலும் கூலி வேலை செய்யவந்து தங்கிய குடும்பங்களின் வழிவந்தவர்கள். பாட்டியும் அத்தையும் கடலுக்கு அப்பால் இருக்கும் குடும்பத்தில் இரண்டு வயதுக் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது? மூத்த மகளிடம்தான். அவளுடைய பள்ளிப்படிப்பு இந்தக் கணக்கில் எங்கும் எழுதப்படாத செலவு.

இத்தகைய காப்பகங்களுக்கு ஒன்றிய அரசு நிதி தரும் ஏற்பாடு 1975இலிருந்தே இருந்து வந்தது. தனித்தனியே இயங்கிய அந்த ஏற்பாடுகளை இணைத்து 2006 ஜனவரி 1 முதல் ராஜீவ் காந்தி தேசியக் காப்பகத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மத்திய சமூக நல வாரியம் போன்ற அமைப்புகளின் வழியாகப் பணம் சிறு தொண்டு அமைப்புகளைச் சென்றடைந்தது. அப்போது விதிக்கப்பட்ட கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன்தரும்.

25 குழந்தைகள் கொண்ட ஒரு காப்பகத்துக்கு மாதம் 3,532 ரூபாய். இதில் ஊழியர் இருவருக்கும் சேர்த்து 2,000 ரூபாய். உணவுக்கு ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய் 8 காசு. 26 நாளுக்குக் கணக்கிட்டால் 1,352 ரூபாய் ஆகிறது. மருந்துக்கும் சில்லறைச் செலவுக்கும் 350 ரூபாய். ஆனால் உணவுக்கும் மருந்துக்கும் அரசு தருவது 90 விழுக்காடு மட்டுமே. ஆகவே 1,217 ரூபாயும் 315 ரூபாயும். கூட்டினால் 3,532. மீதி 170 ரூபாயை அமைப்பு தன் கைப்பொறுப்பில் திரட்டிக்கொள்ள வேண்டும். வாடகை என்ற சொல்லுக்கு இந்தக் கூட்டலில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரோ ஒருவர் இலவசமாக இடம் தருவார், யாரோ ஒருவர் விறகு தருவார், ஊழியர் தம் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருவார் என்பது திட்டத்தின் எழுதப்படாத விதி.

ஊழியருக்குக் கிடைத்த 1,000 ரூபாயை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 38 ரூபாய் சொச்சம் வரும். அன்று ஒன்றிய அரசே தேசியக் குறைந்தபட்சக் கூலியின் அடிமட்ட அளவாக அறிவித்திருந்தது 66 ரூபாய். தான் விதித்த அடிமட்டக் கூலியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குகூடத் தராமல் ஓர் அரசு தன் திட்டத்தை நடத்த முடிந்ததற்குக் காரணம் ஒரு சொல்: 'ஹானரேரியம்'. தமிழில் அதை மதிப்பூதியம் என்கிறோம். ஊதியம் என்ற நல்ல சொல்லுக்கு முன்னால் மதிப்பு என்ற இன்னொரு நல்ல சொல்லைச் சேர்த்தால், கூட்டுத்தொகை இரண்டையும்விடக் குறைந்துபோகும் விந்தை இந்த ஒரு சொல்லில்தான் உண்டு. ஊதியம் என்றால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வரும். மதிப்பூதியம் என்றால் வராது.

2017இல் இத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. ஊழியருக்கு 3,000, உதவியாளருக்கு 1,500, குழந்தையின் உணவுக்கு நாளொன்றுக்கு 12 ரூபாய் என்று தொகைகள் உயர்ந்தன. உயர்வு என்று இதைக் கொண்டாடும் முன் இரண்டு செய்திகளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கூலி. 3,000 ரூபாய் என்பது நாளுக்கு 115 ரூபாய். உதவியாளருக்கு 58 ரூபாயைத் தொடவில்லை. அதே ஆண்டு தேசிய அடிமட்டக் கூலி 176 ரூபாய். பதினோரு ஆண்டுகளில் தொகை மாறியது, விகிதம் பெரிதாக மாறவில்லை. உதவியாளரைப் பொறுத்தவரை விகிதம் மோசமாயிற்று.

மற்றொன்று, செலவுப் பங்கீடு. மாநிலங்களில் ஒன்றிய அரசு 60, மாநில அரசு 30, தொண்டு அமைப்பு 10 என்றும், வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் 80, 10, 10 என்றும், அந்தமான் நிகோபார் போன்ற ஒன்றியப் பகுதிகளில் 90, 0, 10 என்றும் வகுக்கப்பட்டது. அரசுகளின் பங்கு இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. தொண்டு அமைப்பின் 10 மட்டும் எங்கும் அசையவில்லை. பழைய கணக்கில் ஊழியரின் தொகை முழுவதையும் அரசே தந்தது. பகிர்வு உணவுக்கும் மருந்துக்கும்தான். புதிய கணக்கில் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கு அமைப்பின் தலையில். டெய்ரி ஃபார்ம் காப்பகத்துக்கு இதைப் பொருத்தினால், ஊழியர் 3,000, உதவியாளர் 1,500, உணவு 7,800, ஆக 12,300. இதில் அமைப்பின் பங்கு 1,230 ரூபாய். முன்பு 170 திரட்டிய இடத்தில் இப்போது ஏழு மடங்குக்கும் மேல் திரட்ட வேண்டும். மருந்தும் பிற செலவும் இதில் சேரவில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வரும்? வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்திடம் குழந்தைக்கு மாதம் 20 ரூபாய் கட்டணம் வாங்கலாம் என்கிறது திட்டம். 25 குழந்தைகளும் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்றால் 500 ரூபாய். அதை முழுவதும் பங்குத்தொகைக்கே எடுத்துக்கொண்டாலும் மாதம் 730 ரூபாய் துண்டு விழுகிறது, ஆண்டுக்கு 8,760. அதற்கு மேற்பட்ட வருமானமுள்ள குடும்பங்களிடம் 100 ரூபாயும் 200 ரூபாயும் வாங்கலாம். ஆக, காப்பகத்தைக் காப்பாற்றும் எளிய வழி, 20 ரூபாய்க் குழந்தையை மெல்ல வெளியே அனுப்பிவிட்டு 200 ரூபாய்க் குழந்தையைச் சேர்ப்பது. எந்தத் தொண்டு அமைப்பும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்ய வேண்டியதில்லை. கணக்கே செய்ய வைக்கும். ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட எத்தனையோ மழலையர் பள்ளிகள் பத்து ஆண்டுகளில் சீருடையும் கழுத்துப்பட்டையும் கட்டிய கட்டணப் பள்ளிகளாக மாறிய கதை இதுதான்.

தீவுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 12 ரூபாய் என்பது நாடு முழுவதற்கும் ஒரே அளவு. அங்கன்வாடியில் 2017இல் நிர்ணயித்த 8 ரூபாயும் அப்படியே. பருப்பும் வெங்காயமும் எண்ணெயும் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வருகின்றன. கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதிக்கும், விலை ஏறும். கப்பற்கட்டணத்தைச் சுமந்து வரும் பருப்புக்கும் கொத்தவால் சாவடியில் அளந்து தரும் பருப்புக்கும் ஒரே விலை என்று கொள்ளும் கணக்கை எந்த மளிகைக் கடைக்காரரும் ஏற்கமாட்டார். ஒன்றிய அரசு ஏற்கிறது.

கணக்குப் புத்தகம் சொல்லாதவை

சிறு அமைப்பின் ஆண்டறிக்கையைப் படிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான சிறு சங்கங்கள் கையில் வந்ததை வரவாகவும் கையைவிட்டுப் போனதைச் செலவாகவும் எழுதும் ரொக்கக் கணக்கையே வைத்திருக்கின்றன. மானியம் ஆறு மாதம் வரவில்லை, ஆகவே ஊழியருக்கு ஆறு மாதம் தொகை தரவில்லை என்றால், அந்தப் புத்தகத்தில் இரு பக்கமும் வெறுமையாகவே இருக்கும். வரவும் இல்லை, செலவும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. தணிக்கையாளர் கையெழுத்திட்டுவிடுவார். அந்த ஆறு மாதமும் இரண்டு பெண்கள் தினமும் வந்து 25 குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்கவைத்திருப்பார்கள். ஒன்றிய அரசுக்கு அவர்கள் தந்த வட்டியில்லாக் கடன் அது. ரிசர்வ் வங்கியின் எந்த அட்டவணையிலும் அந்தக் கடன் இடம்பெறாது.

அடுத்த தவணையைப் பெற முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். முந்தைய தவணை மார்ச் கடைசியில் வந்தால் அதை எப்படிச் செலவிடுவது, எப்படிச் சான்றளிப்பது? செலவாகவில்லை என்று எழுதினால், தேவை இல்லை போலும் என்று மேலிடம் குறைக்கும். செலவானதாக எழுதினால் பொய். நேர்மையான பொருளாளர் ஒருவரைத் திருடனைப் போல விழிக்க வைக்கும் ஏற்பாடு இது. இதோடு சங்கப் பதிவு, ஆண்டுத் தணிக்கை, வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள். 2020 நிதிச் சட்டம் வரிவிலக்குப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி செய்தது. கோடிகளில் புழங்கும் அறக்கட்டளைக்கு இது ஓர் எழுத்தர் வேலை. மாதம் 12,300 ரூபாயில் இயங்கும் காப்பகத்துக்குத் தணிக்கையாளர் கட்டணம் என்பது சில நாள் உணவு.

சட்டத்தின் பாதுகாப்பும் இங்கு எண்ணிக்கையில் தடுக்கி விழுகிறது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீண்ட போராட்டத்தின் அரிய வெற்றி அது. ஆனால் பணிக்கொடைச் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கே பொருந்தும். வருங்கால வைப்புநிதிக்கு இருபது பேர் வேண்டும். இரண்டு பேரை வைத்து நடக்கும் காப்பகம் எல்லா வேலிக்கும் வெளியே நிற்கிறது. மறுபுறம், 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தினக்கூலித் தாய் அந்த ஐம்பதில் சேரமாட்டாள். பார்த்துக்கொள்ளும் பெண்ணும் சட்டத்துக்கு வெளியே, விட்டுச் செல்லும் பெண்ணும் சட்டத்துக்கு வெளியே.

திட்டத்துக்கான ஒதுக்கீடு என்ன ஆயிற்று? 2017-18 நிதிநிலை அறிக்கையில் 200 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 128 கோடி. அதற்கடுத்த ஆண்டு 50 கோடி. 2015இல் நாடெங்கும் 23 ஆயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020இல் 6,500க்கும் கீழே வந்துவிட்டன. இவற்றை மூடும்படி எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை என்பதுதான் இதில் தந்திரம். பங்குத்தொகையை ஏற்றி, தவணையைத் தாமதித்து, ஒதுக்கீட்டைக் குறைத்தால் காப்பகம் தானே மூடிக்கொள்ளும், பழி பொருளாளருக்கு. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953இல் உருவாக்கப்பட்டு, சிறு அமைப்புகளுக்கு நிதி வழங்கும் வாய்க்காலாக இருந்த மத்திய சமூக நல வாரியமும் 2022இல் கலைக்கப்பட்டது. அதே காலத்தில் 'பால்னா' என்ற பெயரில் 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள் அமைக்கும் இலக்கு அறிவிக்கப்பட்டது. அந்த இலக்கு முழுமையாக நிறைவேறினாலும், 2015இல் இருந்த எண்ணிக்கையை எட்டாது.

ஒப்பீட்டுக்கு ஒரு தொகை. பெரிய நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் என்று ஒன்றிய அரசு முன்வைத்த திட்டத்தின் மதிப்பு 72,000 கோடி ரூபாய். காப்பகங்களுக்கு நாடு முழுவதற்குமாக ஒதுக்கிய அந்த 200 கோடியைப் போல் 360 மடங்கு. காடழிப்பும் ஷோம்பென், நிகோபாரிப் பழங்குடி மக்களின் உரிமையும் அத்திட்டம் பற்றிய விவாதத்தில் முதன்மை பெறுவது நியாயம். அங்கே வந்திறங்கப்போகும் ஆயிரக்கணக்கான கட்டுமானத் தொழிலாளரின் குழந்தைகள் எங்கே இருப்பார்கள் என்ற கேள்வியும் உடன் கேட்கப்பட வேண்டும்.

தருமம் எனும் மாற்று

அரசுப் பணம் வற்றினால் கம்பெனிப் பணம் வரும் என்று சொல்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடச் சொல்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆலை இருக்கும் ஊருக்குப் பணம் போகும். காடு வெட்டுதலுக்கு எதிரான 2002 உச்ச நீதிமன்ற ஆணையை ஒட்டி ஒட்டுப்பலகை ஆலைகளும் ஓய்ந்துபோன அந்தமானில் எந்த ஆலையின் முன்னுரிமையைத் தேடுவது? போதாக்குறைக்கு, 2020இல் பிஎம் கேர்ஸ் நிதிக்குத் தரும் நன்கொடையும் சமூகப் பொறுப்புச் செலவாகவே ஏற்கப்பட்டது. மாநில முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு அந்தச் சலுகை இல்லை.

வெளிநாட்டு நிதியின் வரலாற்றைத் தீவு மக்கள் நன்கறிவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உதவி அமைப்புகள் அலையலையாக வந்தன. நல்ல பணிகளும் நடந்தன. ஆனால் திட்டக்காலம் முடிந்ததும் பணமும் மேலாளர்களும் புறப்பட்டுப் போயினர். குழந்தைகள் பிறப்பது திட்டக்காலத்தை ஒட்டி நிற்பதில்லை. பின்னர் 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், பெற்ற நிதியை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையே தடைசெய்தது. பெரிய அமைப்பின் வழியாகச் சிறு தொகை பெற்றுவந்த சிறிய அமைப்புகளுக்கே இதில் முதல் அடி. சங்கப் பரிவார அமைப்புகளுக்குப் பண வழி தேடித்தர ஆளும்கட்சிக்குத் தெரியும். காப்பகத்துக்கு அந்தக் கவலை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இடதுசாரி இயக்கம் தொண்டு நிறுவன அரசியலை 1980களிலிருந்தே விமர்சித்து வந்திருக்கிறது. போராட்டத்தைத் திட்ட அறிக்கையாகவும், உரிமையைப் பயனாளிப் பட்டியலாகவும் மாற்றும் போக்கைப் பற்றிய அந்த விமர்சனம் இன்றும் சரியே. 1919இல் லெனின் 'மாபெரும் தொடக்கம்' என்ற சிறு நூலில், பொது உணவகங்களும் குழந்தைக் காப்பகங்களும் பெண்ணை உண்மையில் விடுவிக்கக்கூடிய எளிய, அன்றாட ஏற்பாடுகள் என்று சுட்டினார். முதலாளித்துவத்தில் அவை அரிதாகவே இருந்தன என்றும், இருந்தவையும் லாப வணிகமாகவோ தருமக் கூத்தாகவோ முடிந்தன என்றும் எழுதினார். நூறாண்டுக்குப் பின்னும் டெய்ரி ஃபார்ம் பெண்ணின் முன் இருக்கும் தேர்வு அந்த இரண்டும்தான்.

ஆனால் அந்த விமர்சனம் ஒரு சோம்பலாகவும் மாறியிருக்கிறது. தொண்டு நிறுவனம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தோழர்கள், அதன் படியேறி நாள்தோறும் வேலைக்குச் செல்லும் அந்த இரண்டு பெண்களிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கோடிகளில் புழங்கும் நிறுவனத்தையும், துண்டு விழும் 730 ரூபாய்க்காக உண்டியல் ஏந்தும் சங்கத்தையும் ஒரே சொல்லால் அழைப்பது பகுப்பாய்வு ஆகாது. அங்கன்வாடி ஊழியர்கள் 1989இல் அகில இந்தியச் சம்மேளனம் அமைத்தார்கள். 2013 மே மாதம் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று, குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் தரப் பரிந்துரைத்தது. அதற்குப் பின்னும் ஒன்றிய அரசு அங்கன்வாடி ஊழியருக்கு வகுத்த தொகை, 2018 அக்டோபரில் நிர்ணயித்த 4,500 ரூபாய்தான். 2025 நிதிநிலை அறிக்கையும் அதைத் தொடவில்லை. சங்கம் வலுவாக உள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால், ஒருவரையொருவர் அறியாமல் அறைக்கு இருவராகச் சிதறிக் கிடக்கும் காப்பக ஊழியரின் நிலையை விளக்க வேண்டியதில்லை. அவர்களை அங்கன்வாடிச் சங்கத்தோடு இணைப்பதில் சட்டச் சிக்கல் இருக்கலாம். அரசியல் சிக்கல் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் அங்கன்வாடி ஊழியர்கள் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றிருக்கிறார்கள். கேரளத்தில் மாநில அரசு தன் நிதியிலிருந்து கூடுதல் தொகை தருகிறது. இரண்டு இடத்திலும் கேட்பதற்கு ஒரு சட்டமன்றம் இருந்தது, முற்றுகையிட ஒரு தலைமைச் செயலகம் இருந்தது. அந்தமானில் சட்டமன்றம் இல்லை. துணைநிலை ஆளுநரும் உள்துறை அமைச்சகமும்தான். மக்களவைக்கு ஒரே உறுப்பினர். இந்தக் குறைபாடே ஒரு வாதமாகவும் பயன்படக்கூடியது. மாநிலம் பங்கு தரவில்லை என்று தில்லி சாக்குச் சொல்ல இங்கு வழியில்லை. 90 ரூபாய் தருபவரே மீதிப் பத்தையும் தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு நாட்டிலேயே மிக நேரடியான களம் ஒன்றியப் பகுதிகள்தான்.

அதற்கு முன் தரவு வேண்டும். 2017க்கு முன் தீவுகளில் எத்தனை காப்பகங்கள் மானியம் பெற்றன, இன்று எத்தனை இயங்குகின்றன, ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, ஊழியருக்கு எந்தத் தேதியில் சென்றது, 'பால்னா' திட்டத்தில் எத்தனை அங்கன்வாடிகள் முழுநாள் திறந்திருக்கின்றன: தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஐந்து கேள்விகள், பத்து ரூபாய்க் கட்டணம். பகுதிக் கிளைகள் இதைச் செய்யலாம். கணக்கு எழுதத் தெரிந்த ஒரு தோழர், ஒரு சிறு அமைப்பின் பொருளாளருடன் ஒரு நாள் மாலை உட்கார்ந்து, ரொக்கக் கணக்கில் மறைந்துபோன நிலுவைக் கூலியை மாதவாரியாக எழுதி எடுத்தால், நாடாளுமன்றத்தில் கேட்பதற்கு உரிய கேள்வி அங்கேயே தயாராகிவிடும். மார்ச் 31க்கு முன் அதைச் செய்வது நல்லது. ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு பழைய பதிவேடுகளைத் தேடி எடுப்பது கடினம்.